ஒத்திருப்பன எல்லாம் உறவாகா

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று துறைத்தலைவரிடமிருந்து மடல் வந்தபோது, முதுமையைக் காரணம் காட்டி மறுத்துவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். எனினும் இம்மலருக்கு நான் தீர்க்கவேண்டிய கடன் ஒன்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலுவையில் உள்ளது. 1972 ஆம் ஆண்டு மலரில் என் பெயரால் ஒரு கட்டுரை வெளிவந்தது. அதிலிருந்த பிழையை நான் இதுநாள்வரை அச்சில் ஒப்புக்கொண்டதில்லை. அக்கடனை இன்று தீர்க்க விழைகின்றேன்.

அப்போது எனக்கு வயது இருபத்தாறு. கல்லூரி முத்தமிழ் விழாவில் 'உலகமொழிகளின் தாய்' என்னும் தலைப்பில் உரையாற்றினேன். ஆங்கிலச் சொற்கள் அறுபதைப் பட்டியலிட்டு, அவை யாவும் தமிழிலிருந்து பிறந்தவை என முழங்கினேன். 'எயிட்' என்பது நம் எட்டு. 'ஒன்' என்பது நம் ஒன்று. 'கில்' என்பது நம் கொல். ஒவ்வொரு சொல்லுக்கும் கைத்தட்டல் எழுந்தது. அவ்வுரையே மறு ஆண்டு மலரில் கட்டுரையாயிற்று.

அதனை மனப்பாடமாகவே கொண்டிருந்த மாணவர் ஒருவர் இருந்தார். எளிய குடும்பத்தில் பிறந்து, தன் தெருவிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர். பட்டம் பெற்றபின் மொழியியல் முதுகலை பயில விரும்பி வேற்றூருக்கு நேர்காணலுக்குச் சென்றார். சென்றவர் மூன்றாம் நாளே திரும்பிவந்து என் அறை வாயிலில் நின்றார். "ஐயா, தாங்கள் மலரில் எழுதியதைத்தான் சொன்னேன். சிரித்துவிட்டார்கள்" என்றார். அவர் குரலில் சினம் இல்லை. அதுவே என்னைச் சுட்டது.

சிரித்தவர்களின் மீது நான் சினங்கொண்டேன். அச்சினத்தோடு நூலகத்தில் அமர்ந்திருந்தபோது, அரபி, பாரசீகம் இரண்டிலும் தேர்ந்தவரான மூத்த பேராசிரியர் ஒருவர் என் அருகில் வந்து அமர்ந்தார். 'ஹஜ்ரத்' என்றே அனைவரும் அவரை அழைப்போம். நடந்ததைக் கேட்டபின் அவர் என்னைத் தேற்றவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை.

"தம்பி, பாரசீகத்தில் 'பத்' என்றால் தீயது. ஆங்கிலத்தில் 'பேட்' என்றாலும் தீயது. ஓசையும் ஒன்று, பொருளும் ஒன்று. இவ்விரண்டும் உறவா என்று கண்டுசொல்லுங்கள். பிறகு உங்கள் அறுபது சொற்களைப் பற்றிப் பேசுவோம்" என்றார்.

உறவாகத்தான் இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஏனெனில் பாரசீகமும் ஆங்கிலமும் இந்தோ-ஐரோப்பியம் என்னும் ஒரே குடும்பத்து மொழிகள் என்பதை மட்டும் நான் அறிந்திருந்தேன். அவ்வொரு வினாவிற்கு விடை காண எனக்கு ஒரு கோடை விடுமுறை முழுவதும் தேவைப்பட்டது. அக்கோடையில் நான் கற்றவற்றையே மாணவச் செல்வங்களுக்கு ஈண்டு முன்வைக்கின்றேன்.

முதற்பாடம், சொல்லின் இன்றைய உருவத்தை நம்பாமல் அச்சொல்லை அதன் சொந்த வீட்டிலேயே பின்னோக்கித் தொடரவேண்டும் என்பது. பாரசீகப் 'பத்' என்பது இடைக்காலப் பாரசீகத்தில் 'வத்' என்றிருந்தது. அம்மொழியில் சொல்முதல் வகரம் பகரமாக ஒலிக்கத் தொடங்கியது பிற்கால மாற்றம். இருபதைக் குறிக்கும் 'பீஸ்த்' முன்பு 'வீஸ்த்' என்றிருந்தது. வடமொழி 'விம்சதி', இலத்தீன் 'விகிந்தி' என்பவை அதன் உறவுகள். காற்றைக் குறிக்கும் 'பாத்' முன்பு 'வாத்' என்றிருந்தது. வடமொழி 'வாத', ஆங்கில 'விண்ட்' என்பவை அதன் உறவுகள். ஆங்கிலப் 'பேட்' என்னும் சொல்லோ ஏறத்தாழ 13 ஆம் நூற்றாண்டளவில்தான் எழுத்தில் தலைகாட்டுகிறது. பின்னோக்கிச் செல்லச் செல்ல இரு சொற்களும் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. உறவாயின் நெருங்கவேண்டும். அவை உறவல்ல, வழியில் எதிர்ப்பட்ட இரு அந்நியர்கள்.

என் 'எட்டு' என்னவாயிற்று என்பதையும் கூறிவிடுகின்றேன். ஆங்கில 'எயிட்' கோதிக் மொழியில் 'அஹ்தவ்', இலத்தீனில் 'ஒக்தோ', வடமொழியில் 'அஷ்ட'. நடுவே ஒரு ககர ஒலி இருந்து மறைந்ததை இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலே காட்டிக்கொடுக்கிறது. நம் எட்டோ எண்பது, எண்ணூறு என்னும் சொற்களில் 'எண்' என்னும் தன் பழைய வேரைக் காட்டி நிற்கிறது. ஆங்கில 'ஒன்' பழைய ஆங்கிலத்தில் 'ஆன்'. அதன் தொடக்கத்தில் நம் காதில் விழும் வகரச் சாயல் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. என் பட்டியலில் 'கட்டுமரம்', 'சுருட்டு' போன்ற சில சொற்கள் மெய்யாகவே தமிழிலிருந்து ஆங்கிலம் சென்றவை. ஆனால் அவை வணிகர் கொண்டுசென்ற கடன்சொற்களே தவிரப் பிறப்புறவுக்குச் சான்றல்ல.

இரண்டாம் பாடம், உறவை நிறுவுவது ஒப்புமையன்று, ஒழுங்கு என்பது. ஐரோப்பிய மொழிகளுக்கும் வடமொழிக்கும் இடையிலான ஒற்றுமையைப் பலர் முன்னரே உணர்ந்திருந்தனர். 16 ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த புளோரன்சு நகர வணிகர் சசெத்தி, எண்ணுப்பெயர்கள் இத்தாலிய மொழியோடு ஒத்திருப்பதைக் கண்டு மடல் எழுதினார். புதுச்சேரியில் வாழ்ந்த கேர்து என்னும் பாதிரியார் 1767 இல் பிரான்சுக்கு ஆய்வுரை ஒன்றை அனுப்பினார். 1786 பிப்ரவரி 2 ஆம் நாள் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில், வடமொழி, கிரேக்கம், இலத்தீன் மூன்றும் இன்று வழக்கிறந்திருக்கக்கூடிய பொதுமூலம் ஒன்றிலிருந்து கிளைத்தவை என அறிவித்தார். எனினும் அறிவிப்பு வேறு, நிறுவுதல் வேறு. 1816 இல் பிரான்சு பாப் என்னும் செருமானிய அறிஞர் வினைத்திரிபுகளை ஒப்பிட்டு நூல் எழுதினார். 1818 இல் டென்மார்க்கு நாட்டு ராஸ்க்கும், 1822 இல் செருமானியரான யாக்கோபு கிரிம்மும் ஒலிகளுக்கிடையே ஓர் ஒழுங்கைக் கண்டுகாட்டினர்.

அவ்வொழுங்கைத் தமிழ் மாணவர் எளிதில் உணரலாம். தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் இன்றைய கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்குகின்றன. பால் 'ஹாலு', பல் 'ஹல்லு', பாடு 'ஹாடு', பூ 'ஹூவு'. ஒரு சொல்லில் மட்டும் இவ்வாறு நேர்ந்தால் தற்செயல் எனலாம். வரிசையாக நேர்ந்தால் அது விதி. அவ்வாறே, இலத்தீன் பகரத்திற்கு நேராக ஆங்கிலத்தில் 'ஃப' நிற்கிறது: 'பத்தெர்' – 'ஃபாதர்', 'பிஸ்கிஸ்' – 'ஃபிஷ்'. இலத்தீன் ககரத்திற்கு நேராக ஆங்கிலத்தில் ஹகரம் நிற்கிறது: 'கெந்தும்' – 'ஹண்ட்ரட்', 'கோர்னு' – 'ஹார்ன்', 'கனிஸ்' – 'ஹவுண்ட்'. இவ்விதியால் ஒரு வியப்பு விளைகிறது. 'உடைமை கொள்' என்னும் பொருளில் இலத்தீனில் 'ஹபேரெ', ஆங்கிலத்தில் 'ஹேவ்' என ஒன்றுபோல் ஒலிக்கும் இரு சொற்கள் உறவல்ல. ஹகரத்திற்கு ஹகரம் நேராக வருவது விதிக்கு முரண். ஆங்கில 'ஹேவ்' என்பதன் மெய்யான உறவு, 'பற்று' என்னும் பொருளுடைய 'கபெரெ' என்னும் இலத்தீன் சொல்.

இதன் மறுபக்கம் இதனினும் வியப்பானது. ஆர்மேனிய மொழியில் இரண்டிற்கு 'எர்கு' என்பது பெயர். இலத்தீன் 'துவோ', வடமொழி 'த்வௌ' என்பவற்றோடு அதற்கு ஓர் எழுத்தளவும் ஒப்புமை இல்லை. எனினும் அவை உடன்பிறந்தவை. ஆதியில் 'த்வ' என்றிருந்த ஒலிக்கூட்டு ஆர்மேனியத்தில் 'எர்க்' ஆயிற்று என்பதற்கு, 'நீண்ட', 'அச்சம்' என்னும் பொருளுடைய வேறு இரு சொற்களும் சான்றாகின்றன. ஒத்திருப்பன எல்லாம் உறவாகா. உறவானவை எல்லாம் ஒத்திருப்பதும் இல்லை.

விதிக்கு அடங்காதவற்றை என் செய்வது? நானாயிருந்தால் மறைத்திருப்பேன். 'தந்தை', 'உடன்பிறந்தான்' என்னும் இரு சொற்களிலும் ஆதியில் இருந்தது ஒரே தகர ஒலி. கோதிக் மொழியிலோ முன்னதில் ஒரு விதமாகவும், பின்னதில் வேறு விதமாகவும் அது மாறியிருந்தது. கிரிம்மின் விதி இங்கே இடறியது. டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் வெர்னர் 1875 இல் ஒருநாள் உறக்கம் வரவேண்டிப் பாப்பின் நூலைக் கையிலெடுத்தார் என்றும், வடமொழிச் சொற்களின் மேலிருந்த அழுத்தக் குறி அவர் உறக்கத்தைக் கலைத்தது என்றும் கூறுவர். வேதமொழியில் 'பிதா' என்பதில் அழுத்தம் ஈற்றில். 'ப்ராதா' என்பதில் அழுத்தம் முதலில். அவ்வழுத்தத்தின் இடமே தகரத்தின் போக்கைப் பிரித்தது. விதிவிலக்கு எனப்பட்டது மற்றொரு விதியின் வெளிப்பாடு ஆயிற்று. 1878 இல் லைப்சிக் நகர இளம் அறிஞர்கள் ஒலிமாற்ற விதிகளுக்கு விலக்கில்லை எனத் துணிந்து கூறியதற்கு இத்தகைய வெற்றிகளே ஊக்கமளித்தன.

மூன்றாம் பாடம், கடனையும் குருதியையும் பிரித்தறிவது. இதனை ஹஜ்ரத் அவர்களே எனக்கு விளக்கினார். "பாரசீகத்தை அரபு எழுத்தில் எழுதுகின்றோம், அதில் அரபுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அதனால் இரண்டும் ஒரே குடும்பம் என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அரபிக்கு உறவு எபிரேயமும் சுரியானியும். அம்மூன்றும் ஒருகாலத்தில் ஒரே மொழியாக இருந்தவை என்று 1064 இல் மறைந்த அந்தலூசிய அறிஞர் இப்னு ஹஸ்ம் எழுதியுள்ளார். பாரசீகத்தின் எலும்பைத் தொட்டுப்பாருங்கள் தம்பி" என்றார். பல் 'தந்தான்', முழங்கால் 'ஸானு', ஏழு 'ஹஃப்த்', மகள் 'துக்தர்', 'இருக்கிறது' என்பது 'அஸ்த்'. வடமொழியில் 'தந்த', 'ஜானு', 'சப்த', 'துஹிதா', 'அஸ்தி'. உடலுறுப்பு, உறவுமுறை, எண், வினைமுடிபு ஆகியவை எளிதில் கடன் வாங்கப்படுவதில்லை. ஆர்மேனியத்தையும் அறிஞர்கள் நெடுங்காலம் ஈரானிய மொழியின் கிளை என்றே கருதியிருந்தனர். 1875 இல் ஹூப்ஷ்மான் என்பவர், அங்குள்ள ஈரானியச் சொற்கள் கடனாக வந்த அடுக்கு எனப் பிரித்தெடுத்து, எஞ்சியவை தனிக்கிளைக்கு உரியவை என நிறுவினார்.

நான்காம் பாடம் என் ஆணவத்தை முற்றிலும் அடக்கியது. இம்முறையால் மறைந்த மூலமொழியின் சொற்களை மீட்டுருவாக்கலாம். அவ்வாறு மீட்டவை சான்றில் காணப்படாதவை என்பதை அறிவிக்க அவற்றின்முன் உடுக்குறி இடுவர். இது வெறும் கற்பனை விளையாட்டு அன்றோ என நான் ஐயுற்றேன். 1878 ஆம் ஆண்டின் இறுதியில், இருபத்தொரு வயது மாணவரான சசூர், மூலமொழியில் சில ஒலிகள் இருந்து, எல்லா மொழிகளிலும் மறைந்து, உயிரொலிகளை நீட்டியும் நிறம் மாற்றியும் சென்றுள்ளன எனக் கணக்கிட்டுக் கூறினார். அவ்வொலிகளை எந்த மொழியிலும் ஒருவரும் கண்டதில்லை. 1906 முதல் துருக்கியின் போகாஸ்கோய் என்னுமிடத்தில் களிமண் பலகைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. 1915 இல் ஹ்ரோஸ்னி என்பவர் அவற்றிலிருந்த இத்தைத்து மொழி இந்தோ-ஐரோப்பியமே எனக் கண்டார். 1927 இல் போலந்து அறிஞர் குரிவோவிச், சசூர் குறித்த இடங்களிலேயே இத்தைத்தில் ஒரு ஹகர ஒலி நிற்பதை எடுத்துக்காட்டினார். நாம் 'அஸ்தி' என்று வழங்கும் எலும்பு, அங்கே 'ஹஸ்தாய்'. சசூர் 1913 இலேயே மறைந்துவிட்டார். அவர் காணாத சான்று மண்ணிலிருந்து எழுந்து அவர் கணக்கை மெய்ப்பித்தது. என் அறுபது சொற்களில் ஒன்றேனும் இத்தகைய சோதனைக்கு நிற்குமோ என எண்ணிப்பார்த்தேன்.

இனி, உறவென்று நிறுவப்பட்ட மொழிகளுள் எது எதனோடு நெருங்கிய கிளை என்று வரைவது எங்ஙனம்? சுவடிப் பதிப்பைக் கற்ற தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. இருபது ஏட்டுச்சுவடிகளில் சரியான பாடம் ஒன்றுபோல் இருந்தால், அவற்றுள் எவை நெருங்கியவை என அறியவியலாது. சரியான பாடம் மூலத்திலிருந்தே வந்திருக்கும். மூன்று சுவடிகள் மட்டும் ஒரே இடத்தில் ஒரே பிழையைச் செய்திருந்தால், அம்மூன்றும் பிழைபட்ட ஒரே தாய்ச்சுவடியைப் பார்த்து எழுதப்பட்டவை எனத் துணியலாம். 1853 இல் இந்தோ-ஐரோப்பிய மொழிகளை மரமாக வரைந்துகாட்டிய ஷ்லைக்கர், சுவடி ஒப்பீட்டில் வல்லவரான ரிட்சலிடம் பயின்றவர். மொழிகளுக்கும் அதுவே நெறி. பொதுவாகக் காத்துக்கொண்டவை சான்றல்ல. பொதுவாகப் புதிதாக மாற்றிக்கொண்டவையே சான்று. இலத்தீனில் 'எ', 'ஒ', 'அ' என மூன்றாக நிற்கும் உயிர்கள் வடமொழியிலும் பாரசீகத்திலும் அகரம் ஒன்றாகவே கலந்துவிட்டன: 'எஸ்த்' – 'அஸ்தி' – 'அஸ்த்', 'ஒக்தோ' – 'அஷ்ட' – 'ஹஷ்த்'. இத்தகைய மாற்றங்கள் பல கூடிநின்றே இந்தோ-ஈரானியக் கிளையை நிலைநாட்டுகின்றன.

இங்கும் விழிப்பு வேண்டும். சகரம் ஹகரமாவது பாரசீகத்திலும் உண்டு, கிரேக்கத்திலும் உண்டு; 'சப்த' என்னும் ஏழு அங்கே 'ஹஃப்த்', இங்கே 'ஹெப்தா'. அதனால் அவ்விரண்டும் ஒரே கிளை ஆகிவிடா. எளிதில் நிகழும் மாற்றம் இருவேறிடங்களில் தனித்தனியே நிகழக்கூடும். நூறைக் குறிக்கும் சொல்லில் ககரத்தைக் காத்த மொழிகள் மேற்கிலும், சகரமாக்கிய மொழிகள் கிழக்கிலும் இருந்ததால், குடும்பமே இரண்டாகப் பிளந்தது என ஒருகாலத்தில் எண்ணினர். இன்றைய சீனாவின் மேற்கெல்லையில் கிடைத்த தொக்காரிய மொழியை 1908 இல் படித்தறிந்தபோது, அத்துணைக் கிழக்கிலும் ககரமே நின்றது. மேலும், அண்டை மொழிகள் நீரலை போல மாற்றங்களைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு என 1872 இல் யோகன்னஸ் ஷ்மித் நினைவூட்டினார். மரம் உண்மையின் ஒரு பகுதி; அலை மற்றொரு பகுதி.

அண்மைக்காலத்தில் கணிப்பொறியும் இப்பணியில் இறங்கியுள்ளது. 2002 இல் ரிஞ்ச், வார்னோ, டெய்லர் ஆகியோர் 24 மொழிகளின் ஒலி, இலக்கணம், சொல் மூன்றையும் கணக்கில் கொண்டு, இத்தைத்துக் கிளையே முதலிலும் தொக்காரியம் அடுத்தும் பிரிந்தன என்னும் மரத்தைப் பெற்றனர். 2003 இல் கிரே, அட்கின்சன் என்போர் 87 மொழிகளின் அடிப்படைச் சொற்களைக் கொண்டு குடும்பத்தின் அகவை 7,800 முதல் 9,800 ஆண்டுகள் என்றனர். 2015 இல் கலிபோர்னிய அறிஞர்கள், இலத்தீன் போன்ற பழைய மொழிகளை இன்றைய மொழிகளின் நேர்முன்னோராகக் கணக்கில் வைத்தபோது அகவை ஏறத்தாழ 6,500 ஆண்டுகளாகக் குறைந்தது. 2023 இல் 161 மொழிகளைக் கொண்டு நடந்த ஆய்வு ஏறத்தாழ 8,100 என்றது. கணிப்பொறி விரைந்து கணக்கிடும். ஆயின் எவ்விரு சொற்கள் உறவு என்று முதலில் தீர்ப்பளித்து அதனிடம் தருவது கிரிம்மும் வெர்னரும் வகுத்த பழைய நெறியே.

இவற்றையெல்லாம் உணர்ந்தபின் அம்மாணவருக்குப் பதினாறு பக்க மடல் எழுதினேன். அவரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. "ஐயா, என்னிடம் சொன்னது போதாது. மலரில் படித்தவர்கள் பலர். மலரிலேயே எழுதுங்கள்" என்றிருந்தது. எழுதுகின்றேன் என விடையளித்தேன், எழுதவில்லை. கைத்தட்டிய அவையினர் முகத்தில் எவ்வாறு விழிப்பது என்னும் நாணமே காரணம். தமிழின் பெருமைக்கு ஊறு நேரும் என்னும் அச்சத்தையும் அதற்குப் போர்வையாகக் கொண்டேன்.

அவ்வச்சம் எத்துணை வெறுமையானது! பாப்பின் நூல் வெளிவந்த அதே 1816 இல்தான், சென்னையில் ஆட்சியராக இருந்த எல்லிஸ், தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியிலிருந்து பிறந்தவையல்ல, தமக்குள் ஒரு குடும்பம் என்பதை வேர்ச்சொற்களை ஒப்பிட்டு நிறுவினார். 1856 இல் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தால் அதனை விரிவாக நிலைநாட்டினார். என் 'எட்டை' மறுத்த அதே நெறிதான், தமிழ் எவர் வீட்டுக் கிளையும் அன்று, தனிக்குடும்பத்து மூத்த மொழி என உலகை ஏற்கச் செய்தது. நமக்குச் சாதகமான தீர்ப்பை மட்டும் பெற்றுக்கொண்டு, நீதிமன்றத்தையே மறுப்பது முறையாகுமா?

எனவே, 1972 ஆம் ஆண்டு மலரில் வெளிவந்த என் கட்டுரையை இம்மலரின் வாயிலாகத் திரும்பப் பெறுகின்றேன். பழைய மலரைப் பேணி வைத்திருக்கும் பெரியோர்கள் அக்கட்டுரையின் ஓரத்தில் இவ்வாண்டைக் குறித்துவைக்க வேண்டுகின்றேன். மாணவச் செல்வங்கள், மேடையில் எவரேனும் இரு சொற்களை அருகருகே நிறுத்தி உறவு கூறினால், கைத்தட்டுமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: இச்சொல்லின் பழைய உருவம் என்ன? இதே ஒழுங்கில் வேறு சொற்கள் எத்தனை? இது கடனா, பிறப்பா? பேசுபவர் உங்கள் ஆசிரியராயினும் கேளுங்கள். அன்று ஒருவரேனும் என்னைக் கேட்டிருப்பின், ஒரு மாணவர் அந்நேர்காணல் அறையில் தலைகுனிந்திருக்கமாட்டார்.

அவர் பின்னாளில் தமிழாசிரியராகித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றார். இம்மலரின் முதற்படி அவருக்கே செல்லவேண்டும் எனத் துறைத்தலைவரிடம் வேண்டியுள்ளேன்.